பின்னால் வரும் மூச்சு

மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோதுதான் அது முதலில் தெரிந்தது. சிறியவள் வழக்கம்போல் அம்மாவின் மடிக்குள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, சீப்பு சிக்குகிற இடத்தில் எல்லாம் "ஸ்ஸ்" என்று புகார் கொடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று புகார் நின்றது. தலையைத் திருப்பி, காதை அம்மாவின் நெஞ்சில் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நீ ஏன் மூச்சே விட மாட்டேங்கற?"

"விடாம என்ன? வாயாடி. நேரா உக்காரு, சிக்கு எடுக்கணும்."

"இல்ல, நீ விடல. நான் கேட்டுட்டேதான இருக்கேன்."

அம்மா சிரிக்கப் போனாள். சிரிக்கக் காற்று வேண்டும். அது நெஞ்சில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திணறல் இல்லை, தவிப்பு இல்லை, படபடப்புகூட இல்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி, மூச்சு விடுவதை மறந்து உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். வேண்டுமென்றே ஒரு மூச்சை இழுத்தாள். வந்தது. போனது. அப்புறம் நெஞ்சு மறுபடி மூடிக்கொண்டு சும்மா இருந்தது.

"போதுமா? இப்ப விட்டேனா?" என்றாள். குரல் சரியாகத்தான் இருந்தது.

அந்த வீட்டில் மூச்சை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே இளைப்பு. குளிர்காற்று பட்டால் வரும், மெத்தையை உதறினால் வரும், அளவுக்கு மீறிச் சிரித்தால்கூட வரும். நெஞ்சுக்குள் சீட்டி அடிக்கும் அந்தச் சத்தத்துக்குக் குழந்தையே ஒரு பெயர் வைத்திருந்தாள். "அம்மா, பூனை வந்துடுச்சு" என்று வந்து நிற்பாள். டாக்டர் வாயில் வைத்து அடிக்கும் பம்ப் கொடுத்திருந்தார். பம்ப் பாதி வேலை செய்யும். மீதிப் பாதி அம்மாவின் வேலை. குழந்தையின் முதுகைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்து உட்கார்ந்து, அவள் நீளமாக, நிதானமாக மூச்சு விடுவாள். துடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன நெஞ்சு கொஞ்ச நேரத்தில் தன்னை அறியாமலே அம்மாவின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். பூனை படுத்துவிடும். அப்பாவும் ஒருமுறை முயன்று பார்த்தார். அவர் குளிர்பதனக் கிடங்கில் சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். "அப்பா மூச்சு ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு" என்று மகள் இறங்கி ஓடிவிட்டாள்.

மூச்சின் பின்னால் போவதும், மூச்சைப் பின்னால் கூட்டி வருவதும்தான் அம்மாவின் பிழைப்பும்.

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த மசாஜ் நிலையம். சன்னல் இல்லாத சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் தரையில் ஒரு மெத்தை, மூலையில் துணி மூடிய ஆரஞ்சு விளக்கு. உள்ளே போய்விட்டால் வெளியே வெயிலா இருட்டா என்று தெரியாது. காலையிலும் அங்கே இரவுதான். தைல வாசனை, வேகவைத்த மூலிகை ஒத்தட மூட்டையின் வாசனை, எத்தனை காய வைத்தாலும் காயாத துண்டுகளின் வாசனை. ஒலிப்பெட்டியில் புல்லாங்குழலும் தண்ணீர்ச் சத்தமும். அதற்குக் கீழே, டயர் கடையின் காற்று இயந்திரம் உறுமி நிரம்பி, உஸ்ஸென்று அடங்கும் சத்தம். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். அவளுக்கு அது கடிகாரம்.

அவள் செய்வது எண்ணெய் போட்டு உருவுகிற மசாஜ் இல்லை. தளர்ந்த பருத்தி உடையோடு ஆளைப் படுக்க வைத்து, உள்ளங்கை, முழங்கை, முழங்கால் என்று உடம்பின் நரம்புத் தடங்கள் மேல் எடை கொடுத்து அழுத்துவது. படுத்திருப்பவர் மூச்சை விடும்போது சாய வேண்டும், இழுக்கும்போது எழ வேண்டும். ஆகவே முதலில் அவர் மூச்சின் பின்னால் போக வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டதும் நைசாக முன்னால் வந்து, அவரைத் தன் மூச்சின் பின்னால் கூட்டி வர வேண்டும். கடைசியில் அவர் பாதங்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, வாயால் "ஹா" என்று உரக்க ஊதிப் பிரித்துவிட வேண்டும். "அடுத்தவங்க மூச்சத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடாதீங்கடி. அப்புறம் இங்க வந்து திருப்பிக் குடுன்னு நிப்பாங்க" என்று நிலையத்தை நடத்தும் பெரியக்கா எல்லாரையும் சிரிக்க வைப்பாள்.

மகள் காதை வைத்துக் கேட்ட அன்று மதியம்தான் ஒரு முக்குளிப்பாளர் வந்திருந்தார்.

அணைகளில் தண்ணீருக்கு அடியில் இறங்கி மதகுகளைப் பழுது பார்க்கும் வேலையாம். ஓய்வு பெற்றுவிட்டார். தோள்பட்டை பிடித்துக்கொண்டு கை தூக்க முடியவில்லை என்று வந்தார். படியேறி வந்த சத்தமே இல்லை என்று வரவேற்பு மேசைப் பெண் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தால் ஆள் நிற்கிறாராம்.

அகலமான முதுகு. சட்டை வழியாகவே குளிர்ச்சி தெரிந்தது. அவள் உள்ளங்கைகளைத் தோளெலும்பின் கீழ் வைத்து அவர் மூச்சுக்குக் காத்திருந்தாள். மூச்சு வெளியே போனது. அவள் சாய்ந்தாள். போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. கீழே காற்று இயந்திரம் உறுமி, நிரம்பி, அடங்கியது. இன்னும் ஒன்றும் இல்லை. ஆள் போய்விட்டாரோ என்று அவள் குனிந்து பார்த்த நேரத்தில், முதுகு மெல்ல எழும்பி உள்ளே இழுத்தது. பாவம், முக்குளித்த ஆள், நீள மூச்சாகத்தானே இருக்கும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அந்த மூச்சின் பின்னால் போவது சுகமாக இருந்தது. அதுதான் வினை. அதற்கு முன்னால் தொடர்ந்து பூனை வந்த நாட்கள். அவள் சரியாகத் தூங்கி வெகுநாளாகியிருந்தது. தலையில் இருந்த சுமையை யாரோ வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பது போல, அவர் மூச்சு அவளைக் கூட்டிக்கொண்டு போனது. முன்னால் வர வேண்டும், இவரைத் தன் பக்கம் திருப்ப வேண்டும் என்று நினைத்தாள். இன்னும் ஒரு மூச்சு போகட்டும் என்று நினைத்தாள். கைகள் தாமாகச் சாய்ந்தன, எழுந்தன. இன்னும் ஒரு மூச்சு. ஆரஞ்சு விளக்கு மங்கி, தரை எங்கோ தாழ்ந்து போனது.

நினைவு வந்தபோது புல்லாங்குழல் முடிந்து ஒலிப்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. ஒத்தட மூட்டை ஆறிப் போயிருந்தது. அவர் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா பின்னாடியே வந்தீங்க" என்றார்.

எழுந்து உட்கார்ந்தார். குட்டையாக ஒரு மூச்சு வாங்கினார். இன்னொன்று. தொலைத்த பொருள் கிடைத்தவர் மாதிரி நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. அவள் பாதங்களைப் பிடித்து ஊதிப் பிரிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தடதடவென்று, மூச்சு இரைக்க இரைக்க, அவர் படியிறங்கும் சத்தம் டயர் கடை வரைக்கும் கேட்டது.

அதற்கப்புறம் அவள் படியேறினால் இரைக்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும் இரைக்கவில்லை. வரவேற்பு மேசைப் பெண் ஒரு நாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கத்தியே விட்டாள்.

"ஐயோ அக்கா! பேய் மாதிரி வந்து நிக்கறீங்க. ஒரு இருமலாவது இருமிட்டு வாங்களேன்."

அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பதற்காக முன்கூட்டியே காற்றை இழுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணயர்ந்தவளைக் கணவன் போட்டு உலுக்கினான். முகம் வெளுத்திருந்தது. விரலை அவள் மூக்கடியில் வைத்தபடியே கேட்டான்.

"தூங்கிட்டுதான இருந்த?"

"பின்ன என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

"எனக்கு நெஞ்சு வலி வர வச்சுடாத தாயே. நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

டாக்டர் விரலில் கருவியை மாட்டினார், முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. "நல்லா ஆழமா விடறீங்க. யோகா செய்றீங்களா? இவருக்கும் சொல்லிக் குடுங்க" என்று கணவனின் தொப்பையைப் பார்த்துச் சிரித்தார். கணவனுக்கு உயிர் வந்தது. அவள் டாக்டரிடம் ஒன்றைச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

நெஞ்சு நின்றுபோகும் அந்த இடைவெளியில் ஒரு சத்தம் கேட்டது. காதில் இல்லை, பாதத்தில். தரைக்கு அடியில், கட்டடத்துக்கும் அடியில், மிகப் பெரியதாக ஏதோ ஒன்று மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. அது விட்டு முடித்து, சும்மா இருந்து, மறுபடி இழுக்கும்போதுதான் இவள் நெஞ்சும் எழுந்தது. பஸ்ஸில் நின்றாலும் கேட்டது, சமையலறையில் வெறுங்காலோடு நின்றாலும் கேட்டது. அவள் மூச்சு விடவில்லை. அது விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாளுக்கு நாள் அது சும்மா இருக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது.

தையற்காரம்மா வந்த அன்று அது இன்னும் மோசமாயிற்று. கழுத்து வலிக்காக வாராவாரம் வருகிற அம்மாள். படுத்ததும் மருமகள் புராணத்தை ஆரம்பித்து, எழுந்து போகும் வரைக்கும் முற்றுப்புள்ளி வைக்க மாட்டார். அன்று மருமகள் அடுப்பைப் பற்றவைக்கும் கட்டத்திலேயே பேச்சு நின்றுவிட்டது. அவள் கைக்குக் கீழே அந்த அம்மாவின் மூச்சு நீண்டது. வெளியே போனது. நின்றது. காற்று இயந்திரம் நிரம்பி அடங்கியது.

அதே நேரத்தில் அவள் நெஞ்சில் ஏதோ தளர்ந்தது. குட்டையாக, சொந்தமாக, சாதாரணமான ஒரு மூச்சு உள்ளே வந்தது. எத்தனை நாளாயிற்று! தைல வாசனை மூக்கில் ஏறியது. கண் நிறைந்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்றே ஒன்று என்று நெஞ்சு கெஞ்சியது. கைக்குக் கீழே அந்த முதுகு அசையாமல் கிடந்தது.

அவள் கையை உதறினாள். பாதங்களைப் பிடித்து ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை. தோளைப் பிடித்துப் புரட்டி, கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். தையற்காரம்மா கண்ணைத் திறந்தார். கோபம் வரும் என்று பார்த்தால், ஏமாற்றம்தான் இருந்தது.

"ஏம்மா எழுப்பின? அப்பதான் கீழ போய்ட்டிருந்தேன்."

அவள் நெஞ்சு மறுபடி மூடிக்கொண்டது. அன்றே உடம்பு சரியில்லை என்று பெரியக்காவிடம் விடுப்பு சொன்னாள். வீட்டுக்குப் போனதும் தன் பாயை எடுத்துக் கூடத்தில் போட்டுக்கொண்டாள். நெஞ்சில் தொற்று இருக்கிறது, குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று கணவனிடம் பொய் சொன்னாள். மகளுக்கு அந்த நியாயம் எல்லாம் புரியவில்லை. கதவோரம் நின்று உதட்டைப் பிதுக்கினாள்.

"தள்ளி நின்னே தலை வாரினா சிக்கு எப்படிம்மா போகும்?"

"அப்பா வாருவாரு."

"அப்பாவுக்குப் பின்னத் தெரியாது. கயிறு மாதிரி முறுக்குவாரு."

விடுப்பு முடிவதற்குள் முக்குளிப்பாளரைப் பிடித்தாக வேண்டும் என்று நிலையத்துக்குத் தொலைபேசி மேல் தொலைபேசி போட்டுக்கொண்டிருந்தாள். தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. துண்டு, உடைகளை எடுத்துக்கொண்டு அவள் நிலையத்திலிருந்து இறங்கிய மாலை, அவரே படிக்கட்டின் பாதியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வியர்வை வழிய நின்றிருந்தார். புஸ்ஸு புஸ்ஸென்று இரைத்தது அவருக்கு.

"நீங்க எப்படி இருக்கீங்கன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். அவள் ஒரு படி இறங்கினால் அவரும் கீழே ஒரு படி இறங்கினார்.

"என்ன பண்ணீங்க என்னை?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. தோள் வலின்னு வந்தேன். நீங்களாதான் பின்னாடி வந்தீங்க. இதுவரைக்கும் அப்படி யாரும் வந்ததில்ல."

"அது என்னது, கீழ இருக்கறது?"

டயர் கடையில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாது. மதகு அடியில என்கூட வேலை பாத்தவனுக்கு முதல்ல கேட்டுச்சு. ஒரே குழாயில காத்து வாங்குவோம். அவன் விட்டா நான் இழுக்கணும். அப்படியே அவன் பின்னாடி போய்ட்டேன். அவன் மேல வந்து சிரிச்சுட்டே வீட்டுக்குப் போனான். என் வீட்டுக்காரி பக்கத்துல நான் படுத்து எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா? அவ என் பின்னாடி வந்துடக் கூடாதுல்ல."

"யாரும் பின்னாடி வரலன்னா?"

"நீளம் கூடிட்டே போகும்."

"கூடிட்டே போய்?"

அவர் இன்னும் ஒரு படி இறங்கினார். அவள் காலில் விழத் தயாராக இருந்தாள். விழுந்தும் விட்டாள். திரும்பி வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே வந்து படுங்கள், நான் முன்னால் போகிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள், எனக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது, இளைப்பு, அவள் என் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள் என்று அந்த அழுக்குப் படிக்கட்டில் கையெடுத்துக் கும்பிட்டாள். குழந்தை என்றதும் அவர் முகம் பேயறைந்தது போல ஆயிற்று.

"அப்ப குழந்தையத் தொடாதீங்க" என்றார். "தொடவே தொடாதீங்க." சொல்லிக்கொண்டே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினார்.

அதன்பின் அவள் தெளிவாகத்தான் இருந்தாள். போவது தன் உயிராக இருந்தால் போகட்டும், குழந்தையைத் தொடப் போவதில்லை. அதில் வீரம் எதுவும் இல்லை. பயம்தான். தையற்காரம்மாவின் மேல் கை வைத்திருந்தபோது இன்னும் ஒன்று என்று கெஞ்சிய அந்த நெஞ்சை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை நம்பி மகளைப் பக்கத்தில் விட முடியாது.

நாலைந்து நாள் போயிருக்கும். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். கணவனுக்கு மாலை முறை வேலை. அவள் சமையலறையில் சுவரோடு சாய்ந்து, கீழே இருக்கும் அது இழுப்பதற்காகக் காத்திருந்தாள். குழாயில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. பாத்திரம் நிரம்பி வழிந்தது. அது இன்னும் இழுக்கவில்லை. ஈரத் துணி வாசனை, அணைத்த அடுப்பின் வாசனை, எல்லாம் தூரத்தில் இருந்தன. விளக்கின் நிழல் தரையில் அசையாமல் கிடந்தது.

கூடத்தில் சீட்டிச் சத்தம்.

"அம்மா, பூனை."

குழந்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்துக்குழி உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. அவள் அலமாரிக்கு ஓடினாள். பம்பை எடுத்து, எட்ட நின்று கையை நீட்டிக் கொடுத்தாள். குழந்தையே வைத்து அடித்துக்கொண்டாள். காத்திருந்தார்கள். மறுபடி அடித்தாள். சீட்டி குறையவில்லை, கூடியது. உதட்டைச் சுற்றி நிறம் மாறத் தொடங்கியது.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"இதோ கிளம்பிட்டேன், வண்டி எடுத்துட்டு வரேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றான். "அது வரைக்கும் நீ தூக்கி வச்சுக்கோ."

"நான் தூக்கக் கூடாதுங்க."

"தொத்தினா தொத்திட்டுப் போவுது! நீ வச்சிருந்தாதான அடங்கும்? தூக்குடி!"

அவள் தூக்கவில்லை. "நாற்காலியில நிமிர்ந்து உக்காரு கண்ணு, அப்பா வராரு, வாயால ஊது, மெழுகுவத்தி அணைக்கற மாதிரி ஊது" என்று எட்ட நின்றே சொன்னாள். குழந்தை ஊதப் பார்த்தாள். முடியவில்லை. அழுகை வந்தது. அழுகை வந்ததும் மூச்சு இன்னும் சிக்கியது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள்.

"வராத. அங்கயே நில்லு."

வந்தாள்.

"வராதன்னு சொன்னேன்ல!"

தள்ளிவிட்டாள். பெற்ற குழந்தையை, இரண்டு கையாலும். சிறியவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள். சத்தம் இல்லை. அழுவதற்கும் காற்று இல்லை. வாய் திறந்து திறந்து மூடியது. கண் மட்டும் அம்மாவைப் பார்த்தது. ஏன் என்று கேட்டது.

அப்புறம் எதுவும் அவள் யோசிக்கவில்லை. வாரி எடுத்தாள். வேகமாக மூச்சு விட்டுக் காட்டுகிறேன், வேண்டுமென்றே இழுத்து இழுத்து விடுகிறேன், அதற்குள் அவர் வந்துவிடுவார். அப்படித்தான் நினைத்தாள். இழுத்தாள். விட்டாள். இழுத்தாள். பழக்கப்பட்ட சின்ன முதுகு தானாகவே திரும்பி, அவள் நெஞ்சில் பொருந்திக்கொண்டது.

இழுத்தாள்.

விட்டாள்.

நெஞ்சு மூடிக்கொண்டது.

எத்தனை முயன்றும் திறக்கவில்லை. கீழே அது விட்டுக்கொண்டிருந்தது. நீளமாக. சீட்டி தணிந்தது. தணிந்து, தணிந்து, ஒரு நூலாகி, நின்றது.

"பூனை போயிடுச்சு" என்றாள் மகள்.

அப்போது அவளுக்கு மூச்சு வந்தது.

தும்மல் மாதிரி வந்தது. முரடாக, குட்டையாக, அவளுடையதாக. ஈர வாசனை வந்தது. அடுப்பு வாசனை வந்தது. மகளின் தலையில் இருந்த எண்ணெய் வாசனை வந்தது. இன்னொரு மூச்சு. இன்னொன்று. நெஞ்செலும்பு வலிக்க வலிக்க வாங்கினாள். அந்த ஒரு கணம் அவள் சந்தோஷமாக இருந்தாள். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள்.

பிறகுதான் மடியில் இருந்த முதுகு தெரிந்தது.

திருப்பினாள். உதடு நன்றாகச் சிவந்திருந்தது. கண் திறந்திருந்தது. அது அம்மாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தது. மூக்கடியில் விரலை வைத்தாள். ஒன்றும் இல்லை.

"கண்ணு. மூச்சு விடு. அம்மாவோட விடு. இதோ பாரு."

இல்லை.

பாதங்களைப் பிடித்தாள். இரண்டும் ஒரு கைக்குள் அடங்கின. ஊதினாள். மறுபடி ஊதினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். தூக்கத்தில் கொசு கடித்தது போலக் குழந்தை முகத்தைச் சுளித்தாள். அவள் மடியில் இருந்து நழுவி இறங்கி, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். உள்ளங்கையைத் தோளெலும்புகளுக்கு நடுவில் வைத்தாள். நான் பின்னால் வருகிறேன். என்னைக் கூட்டிக்கொண்டு போ. திருப்பிக் கொடு. ஒரே ஒரு மூச்சு விடு, பிடித்துக்கொள்கிறேன். பிடிப்பதற்கு ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. அவளுக்கோ இரைப்பு அடங்கவில்லை. ஓடி வந்தவள் மாதிரி இரைத்தது. அந்த வீடு முழுக்க அவள் மூச்சுதான் கேட்டது.

கையின் கீழே முதுகு எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. அவ்வளவு காற்றுக்கு அந்த உடம்பில் இடமே கிடையாது. போன காற்று திரும்பி வரும்போது அதில் குழந்தையின் குரலும் சேர்ந்து வந்தது, கொஞ்சம் எரிச்சலாக.

"சத்தம் போடாதம்மா. எனக்குக் கேக்க மாட்டேங்குது."

அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் காதைத் தரையில் ஒட்ட வைத்து, பின்னலை ஒதுக்கிவிட்டு, கவனமாகக் கேட்கத் தொடங்கினாள். தெருவில் வண்டி வந்து நின்றது. கணவனின் செருப்புச் சத்தம் படியேறி வந்தது. பூட்டில் சாவி திரும்பியது, கதவு திறந்தது, மழைக்காற்று உள்ளே வந்து விளக்கை ஆட்டியது. அந்தச் சின்ன முதுகு இன்னும் எழும்பவில்லை.